சுங்கை சிப்புட் மண்டபத்தின் கண்ணாடிக்குப் பின்னால்: ஒளி ஊடுருவும் எல்.இ.டி. திரை பற்றிய நிகழ்வு ஆய்வு

பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சுங்கை சிப்புட்டில், பெரிய சாலையைப் பார்த்தபடி ஓர் ஆலய மண்டபம் நிற்கிறது. அதன் முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஆறு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் உயரமும் கொண்ட ஒளி ஊடுருவும் எல்.இ.டி. திரை பொருத்தப்பட்டிருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தது முதல் பயன்பாட்டுக்கு வந்தது வரை ஆலய நிர்வாகத்துக்குத் தொழில்நுட்ப ஆலோசனை சொன்னவன் நான். எது நன்றாக அமைந்தது, எது இன்னும் குறையாக இருக்கிறது என்பதை, இதே எண்ணத்தில் இருக்கும் மற்ற மண்டபங்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

இவ்வகைத் திரையை வாங்க நினைப்பவர்கள் விற்பனையாளரிடம் முதலில் விலையைக் கேட்கிறார்கள், அடுத்து எடையை, பிறகு எத்தனை விழுக்காடு ஒளி ஊடுருவும் என்பதை. மூன்றும் தேவையான கேள்விகளே. ஆனால் திரை கண்ணுக்குத் தெரியுமா, தெரியாதா என்பதை முடிவு செய்பவை வேறு மூன்று: முன்னால் இருக்கும் கண்ணாடி, பின்னால் இருக்கும் வெளிச்சம், திரையில் ஓடும் எழுத்து. இவை எந்த விலைப்பட்டியலிலும் வருவதில்லை. சுங்கை சிப்புட்டில் எங்கள் உழைப்பில் பெரும் பங்கு இந்த மூன்றுக்கே போயிற்று.

மண்டபமும் நிர்வாகமும்

மண்டபத்தின் பழைய பகுதி தோட்டக் காலத்தது. செங்கல் தூண்கள், மரச் சட்டங்கள் தாங்கும் கூரை. முகப்பில் உள்ள கண்ணாடிச் சுவர் பின்னாளில் விரிவாக்கியபோது வந்தது. சுற்றிலும் பால்மரங்கள் நின்ற இடத்தில் இன்று செம்பனை. லயத்து வீடுகளில் பிறந்தவர்கள் நகரத்து வீடமைப்புப் பகுதிகளுக்கும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் கருமகாரியத்துக்கும் மட்டும் திரும்பி வருகிறார்கள். மண்டபத்தில் என்ன நடக்கிறது என்று சாலையில் போகிறவர்களுக்குச் சொல்ல, இதுவரை வேலியில் பேனர் கட்டி வந்தார்கள். மழையில் கிழிந்த பேனர்கள் வேலியிலேயே மாதக்கணக்கில் தொங்கும்.

மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் பிறந்த ஊர் இது. 1960இல் அவர் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்த தலைமுறையின் பிள்ளைகள் நிர்வாகத்தில் இருக்கிறார்கள். பொதுப்பணத்தில் ஒரு வெள்ளி செலவானாலும் ஏன் என்று கேட்கும் பழக்கம் அவர்களிடம் உண்டு. அந்தப் பழக்கம்தான் இந்தத் திட்டத்தைக் காப்பாற்றியது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் வந்த விலைக்குறிப்பு வழக்கமான வெளிப்புற எல்.இ.டி. பெட்டிகளுக்கானது. அவை பின்பக்கம் முழுதும் மூடியவை. அந்தத் திரையை வைத்தால் கண்ணாடிச் சுவரில் பெரும்பகுதி மறைந்துவிடும். ஆலயத் தலைவர் என்னிடம் சொன்னது இதுதான்: "தம்பி, திரை வேண்டும். ஆனால் பட்டப்பகலில் மண்டபத்துக்குள் விளக்குப் போட வேண்டிய நிலை வரக்கூடாது. சாலையில் போகிறவன் கண்ணாடி வழியாகக் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறானே, அதுவும் நிற்கக்கூடாது." சாலை, கண்ணாடி, மண்டபம், பின்வாசல், கோபுரம் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. இந்த நிபந்தனைதான் எங்களை ஒளி ஊடுருவும் திரையின் பக்கம் திருப்பியது.

திரை எப்படி அமைந்திருக்கிறது

சாதாரண எல்.இ.டி. திரையில் விளக்குப் புள்ளிகள் ஒரு முழுப் பலகையின்மீது பதிந்திருக்கும். ஒளி ஊடுருவும் திரையில் பலகை இல்லை. ஏணியின் படிகளைப் போல, மெல்லிய பட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இடைவெளி விட்டு நிற்கின்றன. அந்தப் பட்டைகளின் விளிம்பில் விளக்குப் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றன. நாங்கள் தேர்ந்தெடுத்த வகையில் ஒரு பட்டையில் அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே 3.91 மி.மீ. தூரம், பட்டைக்கும் பட்டைக்கும் இடையே 7.81 மி.மீ. பட்டையின் தடிமன் சுமார் 2 மி.மீ. என்றால், 7.81இல் 5.81 வெற்றிடம், அதாவது 74 விழுக்காடு. பெட்டிச் சட்டங்களின் தடிமனையும் கழித்தால் ஏறத்தாழ 70. நேர் எதிரே நின்று பார்க்கும்போதுதான் இந்தக் கணக்கு பொருந்தும். பட்டைகளுக்கு ஆழம் உண்டு என்பதால் மேலிருந்தோ கீழிருந்தோ சாய்வாகப் பார்த்தால் ஊடுருவல் குறையும். தரையில் நிற்பவர் உயரத்தில் மாட்டிய திரையைப் பார்ப்பது சாய்வான பார்வைதான். ஆகவே திரையின் கீழ்விளிம்பைத் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் உயர்த்தவில்லை.

ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சிறு விளக்குகள். கண்ணுக்குத் தெரியும் ஒளி தரும் சிவப்பு எல்.இ.டி. 1962இல் வந்துவிட்டது. பிரகாசமான நீலம் வர 1990களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்காக அகாசாக்கி, அமானோ, நாக்கமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நீலம் இல்லாமல் வெள்ளையும் இல்லை, முழு வண்ணப் படமும் இல்லை. கறுப்பை உண்டாக்கும் விளக்கு மட்டும் எந்த எல்.இ.டி.யிலும் கிடையாது. கறுப்பு என்பது விளக்கு அணைந்த நிலை. சாதாரண திரையில் அணைந்த இடத்தில் கறுப்புப் பலகை தெரியும்; இங்கே அணைந்த இடத்தில் பின்னால் உள்ள மண்டபம் தெரியும். இந்த ஒரு செய்தியிலிருந்து கிளைத்த சிக்கல்கள்தான் பிறகு எங்களுக்கு அதிக வேலை வைத்தன.

எடை

மொத்தப் பரப்பு 18 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 14 கிலோ என்ற கணக்கில் எங்கள் திரை சுமார் 250 கிலோ. இரும்புப் பெட்டியில் வரும் வெளிப்புறத் திரையைச் சதுர மீட்டருக்கு 45 கிலோ என்று வைத்தால் 810 கிலோ. அந்த எடையைக் கண்ணாடிக்கு மேலுள்ள பழைய உத்திரத்தில் தொங்கவிட எந்தப் பொறியாளரும் கையெழுத்திட மாட்டார்.

250 கிலோவையும் உத்திரத்தில் தொங்கவிடக்கூடாது என்று நான் வலியுறுத்தினேன். பழைய மரக்கூரையும் செங்கல் தூணும் எவ்வளவு தாங்கும் என்பதற்கு வரைபடம் எதுவும் இல்லாத கட்டடம் அது. தரையிலிருந்து எழும் தனி இரும்புச் சட்டம் ஒன்றை அமைத்து, திரையின் எடை முழுவதையும் தரைக்கு இறக்கினோம். மேலே சுவரோடு இணைத்த பிடிகள் சட்டம் சாயாமல் தடுப்பதற்கு மட்டுமே. திரைக்கும் கண்ணாடிக்கும் இடையே 60 செ.மீ. விட்டோம். கண்ணாடியைத் துடைக்க ஓர் ஆள் நுழைய வேண்டும். மேற்கு வெயிலில் கண்ணாடிக்குப் பின்னால் தேங்கும் சூடும் மேலே போய் வெளியேற வேண்டும். எல்.இ.டி.யின் ஆயுளைக் குறைப்பதில் சூட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரே அளவில் ஒப்பிட்டால் ஒளி ஊடுருவும் திரைக்கு விலை கூடுதல். கட்டடத்தைப் பலப்படுத்தும் செலவு மிச்சமாவதையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் நிர்வாகம் ஒப்புக்கொண்டது.

மாலை வெயில்

மண்டபம் மேற்கு நோக்கியது. தீபகற்ப மலேசியாவில் சூரியன் பெரும்பாலும் ஏழு மணிக்கு மேல்தான் மறைகிறது. வேலை முடிந்து மக்கள் வீடு திரும்பும் ஐந்து மணி முதல் ஏழு மணி வரைதான் சாலையில் நெரிசல் அதிகம். திரையை அதிகம் பேர் பார்க்கக்கூடிய நேரமும் அதுவே. வெயில் கண்ணாடியில் நேராக அடிக்கும் நேரமும் அதுவே.

கண்ணாடியில் வெயிலைத் தடுக்கும் டிண்ட் தாள் ஒட்டியிருந்தது. திரையின் பிரகாசம் 5,000 நிட் என்று விற்பனையாளர் சொன்னார் (நிட் என்பது பிரகாசத்தை அளக்கும் அலகு). அது திரையின் முகத்தில் அளந்த அளவு. பாதி வெளிச்சத்தை மட்டும் விடும் தாளைக் கடந்து சாலைக்கு வருவது 2,500 நிட்தான். கண்ணாடியோ எதிரே உள்ள வானத்தைப் பிரதிபலிக்கிறது. சாதாரணக் கண்ணாடி இரு பரப்புகளிலும் சேர்த்து ஏறத்தாழ எட்டு விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பும். 8,000 நிட் பிரகாசமுள்ள வானம் என்றால் 640 நிட் அளவுக்கு ஒரு வெண்திரை எப்போதும் படத்தின்மேல் படர்ந்திருக்கும். ஆகவே எரியும் புள்ளிக்கும் அணைந்த புள்ளிக்கும் உள்ள விகிதம் 3,140க்கு (2,500உம் 640உம் சேர்ந்தது) 640, அதாவது ஐந்துக்கும் குறைவு. தாளை உரித்துவிட்டால் கண்ணாடி 88 விழுக்காடு ஒளியை விடும். விகிதம் 5,040க்கு 640, ஏறத்தாழ எட்டு. விலை உயர்ந்த திரை வாங்காமலே கிடைத்த முன்னேற்றம் இது.

திரை நிற்கும் பகுதியில் மட்டும் தாளை உரித்தோம். வெயில் உள்ளே வருமே என்று நிர்வாகம் தயங்கியது நியாயம்தான். சாய்ந்த வெயிலின் ஒரு பகுதியைத் திரையின் பட்டைகளே தடுத்துவிடுவதால், பெரிய மாற்றம் தெரியவில்லை. இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: வானம் தெளிவாக இருக்கும் நாளில், சூரியன் கண்ணாடிக்கு நேர் எதிரே வரும் அந்த ஒரு மணி நேரத்தில், இந்தத் திரையில் காணொளி எடுபடாது. அப்போது பெரிய எழுத்தில் அசையாத அறிவிப்பு மட்டும் போடுகிறார்கள். நாள் முழுதும் வெயிலில் விளம்பரக் காணொளி ஓட வேண்டும் என்று விரும்பும் வணிக நிறுவனத்துக்கு இந்த அமைப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரவில் கதை தலைகீழ். 5,000 நிட்டில் இரவில் ஓடினால் எதிரே வரும் வாகன ஓட்டியின் கண் கூசும். எதிர் வரிசை வீடுகளில் உறங்க முடியாது. 300 முதல் 500 நிட் போதும். வெளிச்சத்தை அளக்கும் உணரி ஒன்றைக் கண்ணாடியருகே பொருத்தி, பிரகாசம் தானாகக் குறையும்படி செய்திருக்கிறோம். வாங்கும்போது இதை விருப்பத் தேர்வு என்று எழுதியிருந்தார்கள். சாலையோரத் திரைக்கு இது கட்டாயம் இருக்க வேண்டும்.

பின்னால் இருக்கும் இருட்டு

கண்ணாடிப் பிரச்சினையைப் பெரும்பாலோர் ஊகித்துவிடுகிறார்கள். பின்னால் உள்ள வெளிச்சத்தை ஊகிப்பவர் குறைவு. இரவில் மண்டபத்துக்குள் எல்லா விளக்குகளும் எரியும்போது, சாலையில் நிற்பவர் திரையின் 70 விழுக்காடு வெற்றிடத்தின் வழியே உள்ளே இருக்கும் நாற்காலிகளையும் வெள்ளைச் சுவரையும் சாப்பாட்டுப் பந்தியையும் பார்ப்பார். மணமக்கள் படத்துக்குள் பந்தி நடக்கும்.

திரைக்குப் பின்னால் மூன்று மீட்டர் ஆழத்துக்கு ஒரு மங்கலான பகுதியை ஒதுக்கச் சொன்னேன். அந்தப் பகுதியின் மேல்விளக்குகளுக்குத் தனி சுவிட்ச். திரையை நோக்கி எரிந்த குழல்விளக்குகளை மாற்றி, கீழ்நோக்கி மட்டும் ஒளி வீசும் விளக்குகள் போட்டார்கள். பக்கச் சுவர்கள் வெள்ளையிலிருந்து அடர் பழுப்புக்கு மாறின. வரவேற்பு மேசையும் சந்தனப் பேலாவும் பன்னீர்ச் செம்பும் இருந்த இடம் அது. ஆகவே அவற்றைப் பக்கவாசலுக்கு மாற்ற வேண்டியிருந்தது. மகளிர் பிரிவினர் இதை எளிதில் ஏற்கவில்லை. விருந்தினர் நுழைந்ததும் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். நிகழ்ச்சி தொடங்கும் வரை உள்விளக்குகள் எரியட்டும், திரையில் பெரிய எழுத்து மட்டும் ஓடட்டும். எல்லாரும் அமர்ந்த பிறகு முன்பகுதியை மங்கலாக்கிப் படத்தைப் போடுவோம் என்ற ஏற்பாட்டுக்கு எல்லாரும் இசைந்தார்கள். இது அவர்களே கண்ட வழி.

தமிழ் எழுத்தின் கணக்கு

இந்த ஆய்வில் நான் மிகவும் பொருட்படுத்துவது இந்தப் பகுதியைத்தான். திரை விற்பவர்களின் மாதிரிப் படங்களில் ரோமன் எழுத்தும் சீன எழுத்தும்தான் இருக்கும். தமிழுக்கு என்ன தேவை என்பதை நாம்தான் கணக்கிட வேண்டும்.

எங்கள் திரையில் குறுக்கே 1,536 புள்ளிகள். மேலிருந்து கீழாக 384 வரிசைகள். ரோமன் பெரிய எழுத்துகளை ஏழு வரிசையில் அடையாளம் தெரியும்படி எழுதிவிடலாம். பழைய பஸ் நிலையத் திரைகள் அப்படித்தான் ஓடின. தமிழில் எழுத்தின் உடலுக்கு மேலே புள்ளியும் இகரக் குறியும் ஏறுகின்றன. கீழே உகர, ஊகாரக் குறிகள் இறங்குகின்றன. 'ணூ', 'ஞீ' போன்றவை சிதையாமல் தெரிய 16 வரிசை வேண்டும். கண் உறுத்தாமல் படிக்க 24. எங்கள் திரையில் 24 வரிசை என்பது 187 மி.மீ. உயரம். அது நடந்து வருபவருக்குப் போதும்.

வாகனத்தில் வருபவருக்குப் போதாது. மூன்று மீட்டர் தொலைவுக்கு 25 மி.மீ. எழுத்துயரம் என்பது பெயர்ப்பலகைத் தொழிலில் உள்ள பொதுக் கணக்கு. அந்தக் கணக்குப்படி 50 மீட்டர் தொலைவுக்கு 400 மி.மீ.க்குச் சற்று மேல் தேவை, அதாவது 50 வரிசைக்கு மேல். வரிகளுக்கிடையே இடைவெளியும் விட்டால் மொத்தத் திரையில் நான்கைந்து வரிகளே அடங்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் அந்த 50 மீட்டரை மூன்று வினாடிகளில் கடந்துவிடுகிறார். மூன்று வினாடிகளில் ஆறேழு சொற்களைத்தான் படிக்க முடியும். "அன்புடையீர், நிகழும் மங்களகரமான" என்று தொடங்கி முழு அழைப்பிதழையும் போட வேண்டும் என்று செயலாளர் ஆசைப்பட்டார். மணமக்கள் பெயர், நாள், நேரம் மட்டும் சாலைக்கு. முழு அழைப்பிதழ் மண்டப வாசலில் வாகனத்தை நிறுத்திவிட்டு நடந்து வருபவர்களுக்கு என்று பிரித்தோம்.

அடுத்தது புள்ளிகளின் வடிவம். குறுக்கே 3.91, நெடுக்கே 7.81 என்பதால் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைப்போல் இரு மடங்கு உயரமான இடத்தை எடுத்துக்கொள்கிறது. கணினியில் 1,536க்கு 384 என்ற அளவில் ஒரு வட்டம் வரைந்தால், திரையில் அது நெட்டையான முட்டை வடிவமாகத் தெரியும். நிறைய சுழிகள் கொண்ட நம் எழுத்து அதில் அடையாளமே மாறிவிடும். ஆகவே 1,536க்கு 768 என்ற அளவில் வடிவமைத்து, வெளியிடும்போது உயரத்தை மட்டும் பாதியாகச் சுருக்க வேண்டும். பாதியாக்கும்போது மெல்லிய கிடைக்கோடுகள் காணாமல் போகும். 'ட' வின் அடிக்கோடும் 'க' வின் குறுக்குக்கோடும் போனால் எழுத்தே இல்லை. கிடைக்கோடுகள் வடிவமைப்பில் குறைந்தது நான்கு வரிசைத் தடிமன் இருக்கும் எழுத்துருவை மட்டும் பயன்படுத்துவது என்று விதி வைத்தோம்.

மெய்யெழுத்தின் புள்ளிக்குத் தனிக் கவனம் வேண்டும். அழகுக்காக நடுவில் துளை விட்ட புள்ளி கொண்ட எழுத்துருக்கள் இங்கே உதவா. திரையில் குறுக்கே ஆறு, நெடுக்கே மூன்று விளக்குகள் கொண்ட கெட்டியான புள்ளி ஏறத்தாழ 23 மி.மீ. சதுரமாக நிற்கும், அதற்குக் குறைந்தால் எட்ட நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. 'ஸ்ரீ' சிறிய அளவில் வெறும் திட்டாகிவிடுவதால் ஆலயப் பெயருக்கு முன் 'அருள்மிகு' என்றே போடுகிறார்கள்.

திரையோடு வரும் மென்பொருளில் நேரடியாகத் தமிழைத் தட்டச்சு செய்து பார்த்தபோது 'கொ' சிதறியது. கொம்பு தனியாக, 'க' தனியாக, கால் தனியாக நின்றன. தமிழ் எழுத்துகளைச் சேர்த்து உருவாக்கும் வசதி அந்த மென்பொருளில் இல்லை. அதைச் சரிசெய்யக் காத்திருப்பதைவிட, எல்லா அறிவிப்புகளையும் கணினியில் படமாகச் செய்து ஏற்றுவதே பாதுகாப்பு. ஆலய இளைஞர் பிரிவினர் சிலருக்கு இதைக் கற்றுக்கொடுத்தோம். ஒரு வார்ப்புருவில் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றும் அளவுக்கு எளிதாக இருக்கிறது.

கருங்கல் அம்மன்

முதல் சோதனை ஓட்டத்தில் மூலவர் படத்தைப் போட்டார்கள். அம்மன் கருங்கல் விக்கிரகம். கறுப்பு என்றால் விளக்கு அணைந்த நிலை. ஆகவே அம்மனின் திருமேனி முழுதும் மறைந்து, மாலையும் பொட்டும் வெள்ளிக் கண்மலரும் மட்டும் வெற்றிடத்தில் மிதந்தன. அர்ச்சகர் பதறிப்போய் நிறுத்தச் சொன்னார். பக்தர்கள் பார்த்திருந்தால் மனம் நொந்திருப்பார்கள்.

இருண்ட பகுதிகளை அடர் பழுப்பு நிறத்துக்கு உயர்த்திப் பார்த்தோம். உருவம் வந்தது, கல்லின் கம்பீரம் வரவில்லை. மஞ்சள் காப்பிலும் சந்தனக் காப்பிலும் எடுத்த படங்களையும், உற்சவரின் படங்களையும் மட்டும் திரையில் போடுவது என்று அர்ச்சகரே முடிவு சொன்னார். காப்பு அலங்காரத்தின் மஞ்சள், சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரியும் நிறம். இத்திரையில் அது மிக அழகாக வருகிறது.

திருமணப் படங்களிலும் இதே தொல்லை. மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டும் இருவரின் தலைமுடியும் மறைந்துவிடும். படப்பிடிப்பாளர்களுக்கு இப்போது மண்டபமே ஒரு குறிப்பு கொடுக்கிறது: பட்டு வேட்டி, பட்டுப்புடவைப் படங்களைக் கொடுங்கள், பின்னணி வெளிர் நிறமாக வேண்டாம். வெள்ளைப் பின்னணி எல்லா விளக்குகளையும் எரிய வைத்து மின்சாரத்தை விழுங்கும். உள்ளே இருப்பவர்களுக்கும் வெளியே பார்க்கும் காட்சி கெடும். விருந்தினர்கள் கைப்பேசியில் படம் பிடிக்கும்போது திரையில் கறுப்புக் கோடுகள் ஓடாமல் இருக்க, வினாடிக்கு 3,840 முறை புதுப்பிக்கும் வகையை வாங்கினோம். 1,920 வகையில் விலை குறைவு. திருமண மண்டபத்தில் அந்த மிச்சம் பிடிப்பு வேண்டாம்.

தீமிதி மைதானம்

திரையைக் கழற்றித் திருவிழாவுக்கு மைதானத்தில் மாட்டலாமே, எடை குறைவுதானே என்று இளைஞர்கள் கேட்டார்கள். வேண்டாம் என்று மறுத்தேன். இது உள்ளரங்கத் திரை, ஐ.பி.30 தரம் (தூசும் தண்ணீரும் புகாமல் எவ்வளவு காக்கும் என்பதைக் குறிக்கும் எண்). அந்தச் சுழியம், தண்ணீருக்கு எதிராக எந்தப் பாதுகாப்பும் இல்லை என்பதைக் குறிக்கும். திருவிழாவுக்கு ஐ.பி.65 தரமுள்ள வெளிப்புற வலைத்திரை வாடகைக்கு எடுக்கப்பட்டது. நான்கு மீட்டருக்கு மூன்று மீட்டர்.

எடை குறைந்த திரை என்றதும் தாங்கும் சட்டமும் எளிதாக இருக்கலாம் என்று எண்ணுவது ஆபத்து. காற்று திரையின் எடையைப் பார்ப்பதில்லை, பரப்பைத்தான் பார்க்கிறது. காற்றின் வேகத்தை வினாடிக்கு மீட்டர் கணக்கில் எடுத்து, அதன் வர்க்கத்தை 0.613ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கான அழுத்தம் பாஸ்கலில் கிடைக்கும். வினாடிக்கு 20 மீட்டர் காற்றில் மூடிய 12 சதுர மீட்டர் பரப்பின்மேல் ஏறத்தாழ 300 கிலோ எடைக்குச் சமமான விசை. 30 மீட்டர் காற்றில் அதுவே 670 கிலோவைத் தாண்டும். வலைத்திரையில் காற்று புகுந்து போவதால் இந்த விசை நன்றாகக் குறையும். எவ்வளவு குறையும் என்பதைப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். ஒளி ஊடுருவும் என்று விற்கப்படும் சில திரைகளில் பட்டைகளுக்கு முன்னால் அக்ரிலிக் தகடு இருக்கும். அதில் ஒளி போகும், காற்று போகாது. வாடகைக்கு எடுப்பவர் கையை வைத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மைதானத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்தி வெளிச்சத்தில் படம் மங்கலாக இருக்கிறது என்று யாரோ நல்லெண்ணத்தில் திரைக்குப் பின்னால் ஒரு பெரிய கறுப்புத் துணியைக் கட்டத் தொடங்கினார்கள். படம் உடனே பளிச்சென்று தெரியும் என்பது உண்மை. காற்று புகும் வழி முழுதும் அடைபட்டு, சட்டத்தின்மீது முழு விசையும் இறங்கும் என்பதும் உண்மை. மழைக்கு முன் திடீரென்று வீசும் காற்றை நம்மூரில் எல்லாரும் அறிவார்கள். கீழே குழந்தைகளும் பால்குடம் எடுத்த பெண்களும் நிற்கிறார்கள். துணியை உடனே அவிழ்க்கச் செய்தோம். இப்போது வாடகை ஒப்பந்தத்திலேயே, திரையின் பின்னால் துணியோ பேனரோ கட்டக்கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். காற்று எழுந்தால் திரையை இறக்கும் பொறுப்பு யாருடையது என்பதையும் பெயர் குறித்து எழுதியிருக்கிறார்கள். தீக்குழியின் சாம்பலும் சூடும் படாமல் காற்று வரும் திசையில் எட்ட நிறுத்துவதும் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது.

மின்சாரம், இடி, ஈசல்

முழு வெள்ளையில் சதுர மீட்டருக்கு 800 வாட் என்றால் 18 சதுர மீட்டருக்கு 14.4 கிலோவாட். 230 வோல்ட் ஒற்றைக் கட்டத்தில் (சிங்கிள் ஃபேஸ்) அது 62 ஆம்பியரைத் தாண்டும். மூன்று கட்டங்களில் சமமாகப் பிரித்தால் கட்டத்துக்கு 21 ஆம்பியர். உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு தனி இணைப்புப் பெட்டி போடப்பட்டது. சாதாரண படங்களுக்கு உண்மையில் செலவாவது உச்ச அளவில் மூன்றில் ஒரு பங்குதான்.

இடி அதிகம் விழும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. மின்பாதையில் மட்டுமின்றி, கட்டுப்பாட்டுக் கணினியிலிருந்து திரைக்குப் போகும் தகவல் கம்பியிலும் மிகையழுத்தத் தடுப்பான் வைத்தோம். இரும்புச் சட்டத்தையும் நிலத்தோடு இணைத்தோம். திரையின் மொத்தப் புள்ளிகள் 5,89,824. ஒரு கிகாபிட் கம்பி ஏறத்தாழ ஆறரை லட்சம் புள்ளிகளைத் தாங்கும் என்பதால் ஒரே கம்பி போதுமானது. ஆயினும் மறுமுனையிலிருந்து இரண்டாவது கம்பியும் இழுத்தோம். ஒன்று அறுந்தால் மற்றது உடனே ஏற்கும். தாலி கட்டும் நேரத்தில் திரை இருண்டுவிடக்கூடாது.

செம்பனைக் காட்டை ஒட்டிய ஊரில் மழை ஓய்ந்த அந்தியில் ஈசல் கூட்டமாக வரும். நீலமும் வெள்ளையும் பூச்சிகளை அதிகம் இழுக்கும்; மஞ்சளும் சிவப்பும் குறைவாக. அப்படிப்பட்ட மாலைகளில் மஞ்சள், செம்மஞ்சள் எழுத்து மட்டும் ஓடுகிறது, முன்கதவுகள் சாத்தப்படுகின்றன. ஈரப்பதம் இன்னொரு பகை. திருமணம் இல்லாத ஆடி மாதத்தில் திரையை வாரக்கணக்கில் அணைத்தே வைத்திருந்தால் விளக்குகளின் கால்களில் ஈரம் இறங்கி வரிசையாகப் புள்ளிகள் சாகும். நிகழ்ச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரத்தில் சில மணி நேரம் ஓடவிட வேண்டும்.

அனுமதியும் உதிரிப் பாகங்களும்

கண்ணாடிக்குள்ளே இருந்தாலும் சாலைக்குத் தெரியும் ஒளிப்பலகை என்பதால், அனுமதி தேவையா என்று நகராண்மைக் கழகத்திடம் எழுத்துமூலமாகக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். விளம்பரங்களில் தேசிய மொழிக்கு முதன்மை தர வேண்டும் என்பது ஊராட்சி மன்றங்களின் துணைச் சட்டங்களில் உள்ள நிபந்தனை. ஆகவே மண்டபத்தின் பொது அறிவிப்புகள் மலாயில் பெரிதாகவும் தமிழில் அதையடுத்தும் வருகின்றன. இரு மொழியையும் ஒரே காட்சியில் திணிக்காமல் அடுத்தடுத்த காட்சிகளாகப் பிரிக்கலாமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. சாலையோரத்தில் வேகமாக அசையும் படங்களைத் தவிர்க்கும்படி நானே எழுதிக் கொடுத்தேன்.

உதிரிப் பட்டைகளைத் திரை வாங்கும் அன்றே, அதே உற்பத்தித் தொகுதியிலிருந்து வாங்கி வைக்க வேண்டும். பிறகு வாங்கினால் நிறம் ஒத்துப்போகாது. ஒரு பட்டை மட்டும் திட்டாகத் தெரியும். மொத்தத்தில் ஐந்து விழுக்காடு பட்டைகளையும் இரண்டு மின்வழங்கிகளையும் ஈரம் உறிஞ்சும் பையோடு மூடிய பெட்டியில் வைத்திருக்கிறார்கள். பட்டையைக் கழற்றி மாட்ட இளைஞர் பிரிவில் இருவர் பழகியிருக்கிறார்கள். சிறு பழுதுக்கெல்லாம் ஈப்போவிலிருந்து ஆள் வரும்வரை காத்திருப்பது நின்றது.

இந்தத் திரையைப் பார்த்துவிட்டு, அருகில் உள்ள தமிழ்ப்பள்ளி ஒன்றின் பெற்றோர் சங்கத்தினர் தங்கள் மண்டபத்துக்கும் இதையே போடலாமா என்று கேட்டார்கள். அங்கே போய்ப் பார்த்தேன். கண்ணாடி கிழக்கு நோக்கியது. பள்ளி நடக்கும் காலை நேரம் முழுதும் வெயில் நேராக அடிக்கிறது. பின்னால் பிள்ளைகள் படிக்கும் இடம். விளக்குகளை அணைக்க வழியில்லை. சாலையும் எட்ட இருக்கிறது. இந்த வகைத் திரை அங்கே பயன்படாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அதே பணத்தில் ஒரு பகுதிக்கு மண்டபத்தின் உட்சுவரில் சாதாரண எல்.இ.டி. திரையும், மீதிக்கு நூலகத்துக்குப் புத்தகங்களும் வாங்கும்படி பரிந்துரைத்திருக்கிறேன். அவர்களுடைய அடுத்த பொதுக்கூட்டத்தில் அது முடிவாகும்.